ஆனிக் கடைசியில் ஒட்டிய இறக்கை

சுந்தரபாண்டியபுரத்துக்குப் போகும் சாலையில், ஓட்டம் நின்றுபோன ஓர் அரிசி ஆலைக்குள், என் அக்காவின் கணவர் ஒரு போர் விமானத்தைக் கட்டினார். நான் அவரை அத்தான் என்று கூப்பிடுவேன். இரண்டாம் உலகப் போரில் பறந்த ஸ்பிட்ஃபயரின் முக்கால் அளவு நகல் அது. அசல் அலுமினியத்தால் ஆனது, இது மரம். அசலின் எஞ்சின் ஒரு கட்டில் நீளம் இருக்கும். இதில் இருந்தது விபத்தில் நொறுங்கிய ஒரு காரிலிருந்து கழற்றியது. ஆனால் இறக்கையின் அந்த வளைவு, வெற்றிலை போல நுனி கூம்பும் வளைவு, அசலில் இருப்பது போலவே வந்திருந்தது. அதைப் பார்த்தவர்கள் ஒரு நிமிடமாவது பேச்சை நிறுத்தினார்கள்.

பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தேதியும் கிழமையும் போடாமல் எனக்கு ஒரு வரி எழுத வராது. விமானம் கட்டிய நாட்களை ஏழு நோட்டுகளில் எழுதி வைத்திருக்கிறேன். இங்கே மட்டும் ஆண்டுகளையும் பெயர்களையும் விட்டுவிடுகிறேன். சம்பந்தப்பட்டவர்கள் இருக்கிறார்கள், ஊரும் சின்னது.

அத்தான் விமானப் படையில் இருபது வருடம் இருந்தவர். விமானி இல்லை. விமானத்தின் உடம்பைப் பழுது பார்க்கும் ஃபிட்டர். அவருடைய குடும்பத்தில் ஆண்கள் ஒன்று நிலத்தைப் பார்ப்பார்கள், இல்லையென்றால் போலீசுக்கோ பட்டாளத்துக்கோ போவார்கள். இவர் இரண்டாவது வகை. பயிற்சி எடுத்த இடத்தில் வாசலில் ஒரு பழைய ஸ்பிட்ஃபயரைத் தூண்மேல் நிறுத்தியிருந்தார்களாம். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு சனிக்கிழமை தோறும் அதைத் துடைக்கும் வேலை. மற்றவர்கள் அதைத் தண்டனையாக நினைத்தார்கள். இவர் மட்டும் வரிசை மாற்றி இன்னொருத்தன் முறையையும் தானே வாங்கிக்கொள்வாராம்.

ஓய்வு பெற்று வந்து, இரண்டு பிள்ளைகளும் வெளிநாடு போன பிறகு, அரிசி ஆலையைக் கேட்டு வாங்கினார். அவருடைய பெரியப்பா வகையறாவுடையது. மிஷின்களை எடுத்துப் போயிருந்தார்கள். பெல்ட் ஓடும் பள்ளமும் தகரக் கூரையும் நீளமான கூடமும் மிச்சம். தென்காசியில் என் வீட்டிலிருந்து பஸ்ஸில் அரை மணிக்கும் குறைவுதான். முதல் நாள் என்னைக் கூட்டிப்போய் நடுவில் நிறுத்திச் சொன்னார்:

“மாப்ளே, எனக்குக் கை வேலை தெரியும். கணக்கெழுத்து தெரியாது. எந்தச் சட்டத்த என்னைக்கு வச்சோம், எந்தப் பசைய எப்பக் கலக்கினோம், எல்லாம் எழுத்துல வேணும். படையில ஒரு ஆணி மாத்தினாலும் கையெழுத்துப் போடணும். கையெழுத்து இல்லாத ஆணி ஆணியே இல்ல.”

“நான் என்ன எழுதணும்னு சொல்லுங்க அத்தான்.”

“நீ பாக்கதெல்லாம் எழுது. என்னப் பாராட்டி மட்டும் எழுதிராத.”

அப்படித்தான் ஆரம்பித்தது.

ஊரில் யாரும் இதை விமானமாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பக்கம் சூரியகாந்தி பூக்கும் மாதங்களில் சினிமாக்காரர்கள் வருவார்கள், கேரளத்திலிருந்து வேன் வேனாக ஆட்கள் படம் எடுக்க வருவார்கள். ஆலைக்குள் எட்டிப் பார்க்கிற எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: “ஷூட்டிங் ஆணோ?” அத்தானும் அவர்கள் மலையாளத்திலேயே “ஆணு, ஆணு” என்று ஆமாம் போடுவார். அதுவே எங்களுக்கு ஒரு திரையாக இருந்தது. ஒருமுறை காவல் நிலையத்திலிருந்து ஒரு சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். அத்தானுக்குத் தூரத்து உறவில் மகன் முறை.

“சித்தப்பா, இது பறக்குமா?”

“பறக்குத மாதிரி தெரியுதா?”

“றெக்க இருக்கே.”

“கோழிக்குந்தான் இருக்கு. அதுக்கு லைசன்ஸ் கேப்பியால?”

அவர் சிரித்துவிட்டு, விமானத்துக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு போனார். அனுமதியைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். கேட்டு எழுதினோம். மனுக்களைத் தட்டச்சு செய்தவனே நான். வந்த பதில்கள் எதிலும் ‘ஆம்’ என்ற சொல் இல்லை. மூன்றாவது பதிலுக்குப் பிறகு அத்தான் எழுதச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இரண்டாவது வருடம், ஆனி மாதம். இறக்கையின் முதுகெலும்பு போல ஒரு நீளச் சட்டம் உண்டு, ஸ்பார் என்பார் அத்தான். விமானத்தின் முழு எடையையும் தாங்குவது அதுதான். ஆறு மெல்லிய பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக எபாக்சி பசையால் ஒட்டிச் செய்ய வேண்டும். பலகைகள் மாதக்கணக்காகக் காத்திருந்து அந்த ஆனி மூன்றாம் வாரம்தான் வந்து சேர்ந்தன. அந்த வருடம் குற்றாலத்தில் சீசன் சீக்கிரமே தொடங்கிவிட்டது. ஐந்தருவியில் ஐந்தும் விழுந்தது. இங்கே ஆலையில் தகரத்தின் அடிப்பக்கம் முத்து முத்தாக வியர்த்துச் சொட்டியது. சாரல் மலைக் கணவாய்க் காற்றோடு கதவிடுக்கு வழியே புகையாக உள்ளே வந்துகொண்டே இருந்தது.

அத்தான் வெயில் வரட்டும், ஆவணியில் பார்க்கலாம் என்றுதான் முதலில் சொன்னார். ஆவணி வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டிருக்க அவருக்கே மனமில்லை என்பதும் தெரிந்தது. மழை கொஞ்சம் வெறித்தால் நடு ஆடியில் தொடங்கிவிடலாம் என்று அக்காவிடம் சொன்னார். அக்கா சாப்பாட்டுத் தூக்கைக் கீழே வைத்தாள்.

“ஆடியிலயா? வீட்டுக்கு நிலை வைக்கிறது மாதிரி இது. நீங்கதானே சொன்னீங்க, இது மேலதான் எல்லாம் நிக்கும்னு? ஆடியில நிலை வைப்பாங்களா?”

“ஏட்டி, இது வீடு இல்ல.”

“வீடு கீழ கிடக்கும். இதுல நீங்க ஏறி மேல போகப் போறீங்க. எனக்கு ஒண்ணு கேக்க உரிமை இல்லையா?”

எங்களோடு மர வேலை பார்த்த ஆசாரியும் அவள் பக்கம்தான். “ஆடி பொறந்தா நான் புது வேலைல உளி வைக்க மாட்டேன் அண்ணாச்சி. பழுது வேலைன்னா பாப்பேன்” என்றார். அத்தான் என்னைப் பார்த்தார். இவ்வளவு படித்த நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருக்கலாம். எனக்கு மட்டும் ஆடியில் எதையும் தொடங்கிப் பழக்கமா என்ன? என் மகள் கல்யாணத்துக்கு ஆனியில் அவசரப்பட்டு நாள் குறித்தவன்தான் நானும். “ஆனி முடிய இன்னும் மூணு நாள் இருக்கு அத்தான்” என்றேன். நான் இப்படிச் சொன்னது நோட்டில் இல்லை. இப்போது எழுதுகிறேன்.

ஆனியின் கடைசி வெள்ளி, சனி, ஞாயிறு. அக்கா பலகைக்கு ஓரத்தில், பசை படாத இடமாகக் கேட்டுக் கேட்டு, மஞ்சள் குங்குமம் வைத்தாள். வெள்ளிக்கிழமை இரண்டு பலகைகளை ஒட்டி, இறுக்கிப் பிடிக்கக் கிளாம்ப் போட்டோம். சனிக்கிழமை காலையில் கிளாம்பை எடுத்தபோது பசை ஓரத்திலும் மேல் பலகையில் கசிந்திருந்த இடத்திலும் ஒரு வழுவழுப்பு. தலைக்கு எண்ணெய் வைத்த கையால் தொட்ட மாதிரி இருந்தது. அத்தான் காய்ந்த துணியால் துடைத்துவிட்டு மேலே அடுத்த இரண்டு பலகைகளை ஒட்டினார். ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே. நோட்டில் என் எழுத்தில் இருக்கிறது: ‘மேற்புறம் வழுவழுப்பு. துணியால் துடைக்கப்பட்டது.’ பார்த்ததை எழுதினேன். என்ன என்று கேட்கவில்லை. அத்தானுக்கும் தெரியவில்லை. அவர் இருபது வருடமும் அலுமினியத்தில் வேலை பார்த்தவர். ரிவெட் ஆணிக்கு ஆனி, ஆடி, சாரல் ஒன்றும் கிடையாது.

ஒவ்வொரு முறை பசை கலக்கும்போதும் அதே பசையால் இரண்டு சின்ன மரத் துண்டுகளை ஒட்டி வைப்போம். சோதனைத் துண்டு. ஒரு வாரம் கழித்து வைஸ் பிடியில் இறுக்கி சுத்தியலால் அடித்து உடைத்துப் பார்க்க வேண்டும். மரம் கிழிந்தால் பசை நல்லது. மரம் கிழியாமல் ஒட்டிய இடத்தில் பிரிந்தால் அந்த ஒட்டு முழுக்கத் தள்ளுபடி. துண்டுகளுக்கு எண் போட்டுப் பாதுகாப்பது என் பொறுப்பு. அந்த ஆனிச் சாரலில், வெள்ளிக்கிழமை ஒட்டிய துண்டுகளில் நான் எழுதியிருந்த மசி கலங்கி எண் தெரியாமல் போயிருந்தது. எனக்கு அது பொறுக்கவில்லை. எண்ணை மறுபடி எழுதி, ஒரு டப்பாவில் போட்டு எல்லாவற்றையும் தென்காசிக்கு வீட்டுக்குக் கொண்டுபோனேன். மற்ற இரண்டு நாள் துண்டுகளையும் ஒட்டின அன்றைக்கே கொண்டுபோய் பிரிட்ஜ் மேல் வைத்தேன். அங்கே எப்போதும் இளஞ்சூடாக, காய்ந்து இருக்கும். பத்து நாள் கழித்து எடுத்து வந்து உடைத்தோம். எல்லாவற்றிலும் மரம் கிழிந்தது. நோட்டில் ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு துண்டு மட்டும் கணக்கில் குறைந்தது. ‘ஒன்று காணவில்லை’ என்று அதையும் எழுதினேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் சுகமான வேலைகள். விலாச் சட்டங்கள், மேல்தோல் பிளைவுட், பச்சையும் பழுப்பும் கலந்த வண்ணம், அதன்மேல் அசலில் உள்ளது போலப் படையின் வட்டச் சின்னம். ஸ்பார் உள்ளே மூடிப்போனது, யாரும் அதை மறுபடி பார்க்கவில்லை. ஊரில் ‘முக்கால்’ என்று பெயர் வைத்தார்கள். “முக்கால் முடிஞ்சாச்சா, முழுசு எப்போ?” என்பது டீக்கடைக் கேலி. அத்தான் வெளியூரில் ஒரு சின்ன விமானத்தில் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்தார். எங்களுக்கு ஆகாயம் ஒன்றும் வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லிவிட்டார். ஆலைக்குப் பின்னால் உள்ள குளம் பங்குனியில் வற்றிவிடும். அதன் உள்வாயில், தண்ணீர் நிற்கும் தரையில், நேராக ஓட்டி, பத்தடி உயரம் எழும்பி, நேராகவே இறங்குவது. திருப்பம் கூட இல்லை. “பத்தடி. பனைமரத்துல பாதி கூட இல்ல” என்றார்.

நான்காவது வருடம் தையில் அவருக்கு ஓர் ஆணியைத் துளையில் பிடித்து வைக்க முடியவில்லை. முதலில் கண்ணாடியைக் குறை சொன்னார். பிறகு வலது கட்டைவிரல் தானாக உருட்டிக்கொண்டே இருந்தது, இல்லாத ஒரு மாத்திரையை உருட்டுவது போல. திருநெல்வேலியில் டாக்டர் பார்க்கின்சன் என்றார். மாத்திரைகள் கொஞ்ச காலம் தாங்கும், அடுத்த வருடம் எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது என்றார். பஸ்ஸில் திரும்பும்போது அத்தான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“இந்தச் சித்திரை. அடுத்ததுல குச்சியப் பிடிக்க முடியாது.” விமானி பிடித்து ஓட்டும் கம்பியைத்தான் குச்சி என்பார்.

அக்கா அப்போதும் தடுக்கவில்லை. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கேட்டேன்.

“என்னத்தத் தடுக்க? விட்டா இந்த ஒரு வருஷந்தான். அதுவும் நீ ஒவ்வொண்ணுக்கும் சரின்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேல்லா. அத நம்பித்தான் நான் சம்மதிச்சேன்.”

குளம் வற்றியது. வெடிப்புகளில் மண் போட்டு டிராக்டரால் உருட்டினோம். எஞ்சினை ஓட்டிப் பார்த்தார், குளத்துக்குள் வேகமாக ஓட்டி நிறுத்தியும் பார்த்தார். சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காற்று எழும்புவதற்கு முன் பத்தடி எழும்புவது என்று முடிவாயிற்று.

அதற்கு முந்தைய புதன்கிழமை ஆலையைச் சுத்தம் செய்தோம். பெல்ட் ஓடும் பள்ளத்தில் நாலு வருடக் குப்பை. சாக்கும் மரத்தூளுமாக அள்ளிப் போடும்போது என் கைக்கு அந்தத் துண்டு வந்தது. எண் கலங்கியிருந்தாலும் என் எழுத்து எனக்குத் தெரியாதா? ஆனிக் கடைசி சனிக்கிழமைத் துண்டு. டப்பாவில் போடும்போது உருண்டு பள்ளத்தில் விழுந்திருக்கிறது. ஓரத்தில் கட்டைவிரலை வைத்து லேசாக நெம்பினேன். சுத்தியல் வேண்டியிருக்கவில்லை. வைஸ் வேண்டியிருக்கவில்லை. பிஸ்கட் மாதிரி இரண்டாகப் பிரிந்தது. உள்பக்கம் இரண்டும் பளபளவென்று இருந்தன. ஒரு நார் கிழியவில்லை.

சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். புதன் போயிற்று. வியாழன் போயிற்று. பசையைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் அந்த இரண்டு நாளில் படித்தேன். ஈரக் காற்றில் காயும் எபாக்சி சரியாக இறுகாது, மேலே மெழுகு போல ஒரு படலம் வரும், அதைத் தண்ணீர் விட்டுக் கழுவித் தேய்க்காமல் மேலே ஒட்டினால் பிடிக்காது என்று ஒரு கையேட்டில் நாலே வரியில் இருந்தது. அந்த ஆனிக்கு முன்னால் அந்த நாலு வரியை நான் படித்திருக்கலாம். அது தவிர மற்றது எல்லாம் படித்திருந்தேன்.

பேசாமல் இருந்துவிடலாமா என்று யோசிக்கவில்லை என்று எழுதினால் பொய். பத்தடி. நேராக ஏறி நேராக இறங்குவது. அவருக்கு இருப்பது இந்த ஒரு சித்திரை. சொன்னால் அது போய்விடும். ஆடி வேண்டாம் என்று தான் பிடித்த பிடிவாதமும் நான் காட்டிய மூன்று நாளும்தான் காரணம் என்று அக்காவுக்கும் தெரிந்துவிடும். ஆனால் ‘சரி’ என்று எழுதிய கையெழுத்து என்னுடையது. வெள்ளிக்கிழமை காலை ஆலைக்குப் போய், அத்தான் மட்டும் இருந்த நேரத்தில், இரண்டு பாதியையும் அவர் முன்னால் வைத்தேன்.

நகத்தால் சுரண்டிப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார்.

“இது எங்கன கெடந்துச்சு?”

“பள்ளத்துல.”

“மத்ததையெல்லாம் எங்கன வச்சிருந்த?”

“வீட்ல. பிரிட்ஜ் மேல.”

“றெக்கைய எங்கன வச்சிருந்தோம்?”

“இங்கனதான் அத்தான்.”

அவர் தலையைத் திருப்பிக் கூடம் முழுக்கப் பார்த்தார். “இங்கன பிரிட்ஜ் இருக்கா மாப்ளே?”

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். “சவத்த விடுலே, அழாத” என்று சொன்னார். நான் அழுதுகொண்டிருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை விமானத்தைக் குளத்துக்குக் கொண்டுபோகவில்லை. அதற்குப் பதில் சங்கிலிக் கப்பியில் தூக்கிக் கூடத்திலேயே தலைகீழாகத் திருப்பி நிறுத்தினோம். பறக்கும்போது காற்று இறக்கையைக் கீழிருந்து மேலே தள்ளும். விமானத்தைக் கவிழ்த்து இறக்கையின் அடிப்பக்கத்தில் பாரம் ஏற்றினால் அதே பாரம்தான். இருபத்தைந்து கிலோ மணல் மூட்டைகள். விமானமும் அவரும் பெட்ரோலும் சேர்ந்து நானூறு கிலோ, அதாவது பதினாறு மூட்டை. ஆனால் காற்று குலுக்கும், இறங்கும்போது இடிக்கும், அதற்கெல்லாம் சேர்த்து நாலு மடங்கு தாங்க வேண்டும் என்பது அத்தானின் கணக்கு. அறுபத்துநாலு மூட்டை. இதை இறக்கை முடிந்ததுமே செய்திருக்க வேண்டும். என் நோட்டில் அத்தனை ‘சரி’ இருந்ததால் தள்ளிப்போட்டிருந்தோம்.

ஆசாரியும் இரண்டு ஆட்களும் மூட்டை தூக்கினார்கள். இடதில் ஒன்று, வலதில் ஒன்று. அக்கா சுவரில் சாக்பீஸால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போட்டாள். நான் நோட்டில் எழுதினேன். இறக்கை நுனி மெல்ல மெல்லத் தாழ்ந்தது. பதினாறாவது மூட்டை வைத்ததும் அத்தான் கையைத் தூக்கி நிறுத்தினார். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, தாழ்ந்த நுனியைப் பார்த்தபடியே நின்றார். ஆட்கள் பீடி பற்ற வைக்கலாமா என்று ஒருவரையொருவர் பார்க்கும் அளவுக்கு நேரம் ஆயிற்று. களைப்பு என்று நினைத்தேன்.

“என்ன, போதுமா?” என்று அக்கா கேட்டாள்.

“பாதி டெஸ்ட் டெஸ்டே இல்லட்டி” என்றார். பிறகு ஆட்களைப் பார்த்து, “போடு.”

முப்பத்தெட்டாவது மூட்டையில் முறிந்தது. பெரிய சத்தமெல்லாம் இல்லை. காய்ந்த தென்னை மட்டை விழுவது போல ஒன்று, அதன்பிறகு மூட்டைகள் தொப்புத் தொப்பென்று சரியும் சத்தம். மணல் தூசி அடங்கியது. அத்தான் குனிந்து பிளைவுட் பிளந்த இடத்தில் டார்ச் அடித்துப் பார்த்து, உள்ளே விரலை விட்டுத் தடவினார்.

அக்கா பின்னால் வந்து நின்றாள். “ஆனிக் கடைசியில நாம அவசரப்பட்டோம்லா. அதனாலயா?”

“இல்ல. பசை பழசு. கடைக்காரன் ஏமாத்திட்டான்.” திரும்பாமலே சொன்னார். “கேட்டுப் பாரு உன் தம்பிய.”

“ஆமாக்கா. பசை பழசு” என்றேன்.

அவள் மூட்டையிலிருந்து சிந்திய மணலைக் கூட்ட ஆரம்பித்தாள். நம்பினாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

புது ஸ்பார் செய்ய ஒரு வருடம் ஆகும். அவருக்கு அந்த வருடம் இல்லை. ஆடிக்குள் குச்சி என்ன, டம்ளரைக்கூட இரண்டு கையால் பிடிக்க வேண்டியதாயிற்று. ஆலையை உறவினர்கள் திரும்பக் கேட்டார்கள். இறக்கை இல்லாத உடம்பை ஐந்தருவிக்குப் போகும் வழியில் உள்ள ஒரு தங்கும் விடுதிக்காரர் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். தகரத்தில் இறக்கை செய்து மாட்டி வாசலில் நிறுத்தினார். மறு சீசனில், எண்ணெய் தேய்த்து அருவியில் குளித்தால் நரம்புக்கு நல்லது என்று யாரோ சொன்னதை நம்பி அத்தானை ஆட்டோவில் அழைத்துப்போனோம். விமானம் அந்த வழியில்தான் நிற்கிறது என்பதை நானும் அக்காவும் மறந்துவிட்டோம். விமானத்தின் மூக்கு சிவப்பாக இருந்தது. விமானி இருக்கையில் ஈரத் துண்டோடு ஒருத்தர் உட்கார்ந்து நேந்திரம் சிப்ஸ் தின்றுகொண்டிருந்தார். அத்தான் ஆட்டோவை நிறுத்தச் சொல்லவில்லை. தாண்டிப்போன பிறகு, வாய் கோணிக் கோணி, “வட்டத்துல… கலர… மாத்திப் போட்டிருக்கான்” என்றார். அவ்வளவுதான்.

எனக்கு ஒரு பழக்கம், பழைய நோட்டுகளை வருடம் ஒருமுறை முதலிலிருந்து படிப்பது. அப்படிப் படிக்கும்போதுதான் அந்த எண் என் கண்ணில் தைத்தது. முப்பத்தெட்டு. தேவை பதினாறு. அதாவது நல்ல இறக்கையாக அது இல்லாவிட்டாலும், தன் எடையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் தாங்கியிருக்கிறது. காற்றில்லாத காலையில் பத்தடி நேராக ஏறி நேராக இறங்க அது அநேகமாகப் போதும். நான் அந்தத் துண்டைப் பையிலேயே வைத்திருந்தால் அவர் பறந்து இறங்கியிருப்பார். அவர் ஃபிட்டர். பதினாறாவது மூட்டையில் இறக்கை கிண்ணென்று நின்றதைப் பார்த்தபோது இது எனக்குத் தெரிவதற்கு மூன்று வருடம் முன்பே அவருக்குத் தெரிந்திருக்கும். அந்த இடத்தில் நிறுத்தி, மூட்டைகளை இறக்கி, விமானத்தைத் திருப்பி, அடுத்த ஞாயிறு குளத்துக்குக் கொண்டுபோயிருக்கலாம். இடுப்பில் கை வைத்து நின்ற அந்த நேரம் அதற்குத்தான். முறித்தது அந்தச் சோதனைதான், நான் கொண்டுபோய் வைத்த துண்டுக்காகச் செய்த சோதனை.

இதை நான் அவரிடம் பேசியதில்லை. இப்போது அவருக்குப் பல விஷயங்கள் நினைவில் நிற்பதில்லை. நோய் அங்கேயும் போய்விட்டது. காலையில் சாப்பிட்டது மறந்துபோகும். மாலையில் என்னைப் பார்த்து, ஆலைச் சாவி எங்கே என்பார். செவ்வாயும் சனியும் நான் போய் அவருக்கு முகம் மழித்துவிடுவேன். அக்கா கஞ்சியைக் கரண்டியால் ஊட்டுவாள். பாதி கழுத்துத் துண்டில் வழியும். அரை டம்ளருக்கு மேல் அவருக்கு இறங்குவதில்லை, வாயை மூடிக்கொள்வார்.

போன வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. ஒரு கன்னம் முடிந்து அடுத்த கன்னத்தில் நுரை தடவிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அவர் பார்வை தெளிவாக இருந்தது. வெகுநேரம் உதட்டைச் சேர்த்துச் சேர்த்துப் பார்த்து, கேட்டார்:

“எத்தனாவது… மூட்டைல… போச்சு?”

அவருக்கு எண் மறந்திருந்தது. கேள்வி மறக்கவில்லை. எத்தனை நாளாக உள்ளே அதையே உருட்டிக்கொண்டிருந்தாரோ.

“பதிமூணு அத்தான்.”

“பதிமூணா?”

“பதிமூணாவதுல முறிஞ்சுட்டு.”

“பதினாறு… வேணும்லா.”

“வேணும்.”

மூச்சு வாங்கினார். கணக்கைப் போட்டுப் பார்க்கிறார் என்று கண்ணிலேயே தெரிந்தது. “அப்போ… தரையை விட்டதும்… போயிருக்கும்.”

“போயிருக்கும். உங்களையும் கொண்டுட்டுத்தான் போயிருக்கும்.”

“நீ… எழுதினதா?”

“நான்தான் எழுதினேன்.”

தலையை மெல்ல ஆட்டினார். நான் ஏழு நோட்டிலும், அதற்கு முன்னால் முப்பது வருட அலுவலகப் பதிவுகளிலும், தெரிந்து ஒரு எண்ணை மாற்றியவன் இல்லை. நுரை காய்வதற்குள் மறு கன்னத்தை முடித்து ஈரத் துணியால் துடைத்துவிட்டேன். திரும்பியபோது அக்கா கஞ்சியோடு நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. சுவரில் முப்பத்தெட்டு கோடும் போட்டவள் அவள்தான்.

“மழிச்சாச்சா? தள்ளு, கஞ்சி ஆறுது” என்றாள்.

பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். அன்றைக்கு ஒரு முழு டம்ளர் இறங்கியது.